நான்காவது கைப்பிடி

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவளும் அந்த ரகம்தான், ஆனால் ஓட மாட்டாள், மிதிப்பாள். காலையில் சைக்கிளைப் படியிறக்கி ஏறி உட்கார்ந்தால், டென்டல் லேப் வாசலில்தான் அவள் கால் மறுபடி தரையைத் தொடும். நடுவில் சிக்னல் இல்லையா என்று கேட்காதீர்கள். வரிசையாக இருக்கின்றன. மஞ்சள் விளக்கு எரிவதே தன்னைப் போன்றவர்களைச் சீக்கிரம் போகச் சொல்லத்தான் என்பது அவள் கட்சி. அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். அவன் கட்சி வேறு.

“தினம் எத்தனையோ சைக்கிளைப் பார்க்கிறேன். அதுல என் பொண்டாட்டிதான் மோசம். ஒரு நாள் நான் பிரேக் அடிக்கப் போறேன், பஸ்ல நிக்கிறவங்க எல்லாம் என்னைப் பெத்தவங்களைத் திட்டப் போறாங்க.”

“திட்டு உங்களுக்குத்தானே கேக்கும். நான் அதுக்குள்ள ரெண்டு தெரு தாண்டியிருப்பேன்.”

வாரத்தில் ஐந்து நாள் பல். புதன்கிழமை சாயங்காலமும் சனிக்கிழமையும் ராணுவம். பகுதிநேர ராணுவம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். அரை டிக்கெட் ராணுவமா என்று அவள் முதலாளியே கேட்டிருக்கிறார். ஆனால் வெள்ளம் வந்தால், கட்டடம் இடிந்தால், முழுநேரக்காரர்களோடு இவர்களையும்தான் கூப்பிடுவார்கள். துணி விற்பவர், நீச்சல் சொல்லித்தருபவர், ரொட்டி சுடுபவர் எல்லோரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சீருடையில் வந்து நிற்க வேண்டும். அவள் இருந்தது ஸ்ட்ரெச்சர் அணியில். அடிபட்டவர்களைத் தூக்கி வருகிற வேலை. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர், ஆளுக்கொரு கைப்பிடி. பின்பக்கம், இடது கைப்பிடி அவளுடையது.

அந்தக் கைப்பிடியில் அப்படி என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நாத்தனார் கேட்காத வாரமில்லை. நாத்தனார் மாடி அறையில் இருந்தாள். வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. புதனும் சனியும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஆகவே கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

“ஏன் அண்ணி, தூக்குறதுன்னா உங்களுக்கு அவ்வளவு இஷ்டமா? என் அறையில பீரோ ஒண்ணு இடம் மாத்தணும். வாங்களேன்.”

இவள் சிரித்து மழுப்பிவிடுவாள். உண்மையைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்று நினைத்தாள். லேபில் நாள் முழுக்க அவள் செய்வது முகம் தெரியாதவர்களின் பற்கள். பிளாஸ்டர் அச்சு வரும், அதன்மேல் மெழுகில் ஈறு கட்டுவாள், ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, பாலிஷ் போட்டு, டப்பாவில் வைத்து அனுப்புவாள். அதோடு சரி. அந்த வாய் எதைக் கடித்தது, யாரைப் பார்த்துச் சிரித்தது, ஒன்றும் தெரியாது. பல் சரியில்லை என்றால் மட்டும் திரும்பி வரும். அவள் ஒரு வாரம் வராவிட்டால் பக்கத்து மேஜைக்காரி செய்துவிடுவாள். ஆனால் ஸ்ட்ரெச்சரில் அவள் கையை எடுத்தால் அந்த மூலை சாயும். தான் இல்லாவிட்டால் சாய்கிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே வராது.

அந்தக் கைப்பிடிக்குத்தான் இப்போது ஆபத்து. ஆண்டுக்கொரு முறை நடைத் தேர்வு உண்டு. ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஸ்ட்ரெச்சரில் கட்டிக்கொண்டு, முகாமிலிருந்து குன்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் நடந்து, நண்பகல் சங்கு ஊதுவதற்குள் திரும்ப வேண்டும். போன வருடம் அவளுக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின வருடம் வரும் வழியில் டயர் பஞ்சர், தேர்வே தொடங்கிவிட்டது. இந்த முறையும் தவறவிட்டால் ஸ்டோர் ரூம்தான். போர்வை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியது. உட்காருவது என்றாலே அவளுக்கு ஆகாது.

நேரம் பார்த்து அவளுடைய பழைய பூட்ஸ் கழுத்தறுத்தது. இத்தனை வருடம் முகாமுக்கு அதைப் போட்டுக்கொண்டே மிதித்ததில் பெடலின் பற்கள் அடித்தோலைக் கடித்துத் தின்றுவிட்டிருந்தன. ஒரு புதன்கிழமை அணிவகுப்பில் அது வாயைப் பிளந்துகொண்டது. தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் புது பூட்ஸ் கொடுத்தார்கள்.

“மாட்டுக்கொம்பு மாதிரி இருக்கும். தினமும் போட்டுப் பழக்கணும்,” என்றார் சார்ஜெண்ட். வார நாட்களில் அவர் ஒரு பெரிய கடையில் ஜன்னல் திரை விற்பவர். எதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் பேசுவார். “பழகாத பூட்ஸோட தேர்வுக்கு வந்தே, நான் சேத்துக்க மாட்டேன்.”

தினமும் போடலாம். எப்போது நடப்பது? காலையில் குழந்தையைக் கிளப்பிப் பள்ளியில் விட்டு லேபுக்கு மிதிக்க வேண்டும். சாயங்காலம் திரும்ப மிதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துணி மலை போலக் கிடக்கும். மூச்சு விடவே நேரமில்லை, இதில் ஊர் சுற்ற எங்கே போவது? அவள் யோசித்தாள். யோசித்த மாத்திரத்தில் விடை கிடைத்தது, கிடைத்த விடையை அவள் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. சைக்கிள்! தினமும் இரண்டு வேளை காலில்தான் இருக்கப் போகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அன்றிலிருந்து புடவைக் கடைக்குப் போனாலும் பூட்ஸ், பால் வாங்கப் போனாலும் பூட்ஸ், எல்லாம் சைக்கிளில். லேபில் அவள் உள்ளே நுழைந்தாலே முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அம்மா, இது பல்லு செய்யிற இடம். நீ நடந்தா மேஜையில இருக்கிற கடவாப்பல் எல்லாம் ஆடுது.”

“உக்காந்துட்டேன் சார். இனி ஆடாது.”

“நீ எங்க உக்காந்தே? உன் நாற்காலி இன்னும் புதுசாவே இருக்கு.”

பூட்ஸ் பழகவும் செய்தது. பழகவில்லை என்று யார் சொன்னது? முன்பக்கம் விரல் மடங்குகிற இடத்தில் அழகாகச் சுருக்கம் விழுந்தது, தோல் வளைந்து கொடுத்தது. அடுத்த புதன்கிழமை சார்ஜெண்ட் குனிந்து அந்தச் சுருக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“பரவாயில்லையே. நல்லா நடந்திருக்கே போல.”

“தினமும் போடறேன் சார்.”

அவள் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதற்குத்தான் சரியான பதில் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீருடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். டயரை அழுத்திப் பார்த்தாள். காற்று அடித்தாள். சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். மகள் பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, “அப்பா, அம்மாவைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது,” என்றது.

“எனக்கு எட்டு வருஷமா சுத்துது கண்ணு,” என்றான் அவன். பிறகு இவள் பக்கம் திரும்பினான். “நாளைக்கு என் பஸ்ல வாயேன். முகாம் வாசல்லயே இறக்கி விடறேன்.”

“உங்க பஸ்ஸா? ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நின்னு நின்னு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

“ஸ்டாப்புன்னா நிக்கத்தானே வேணும்?”

அவள் மறுபடி டயரை அழுத்தப் போனாள்.

சனிக்கிழமை அவள் முகாமுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். அணியின் மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்தார்கள். முகாமில் யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெளியே செய்கிற வேலைதான் பெயர். நெட்டையாக, மாவு மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய தோளோடு இருந்தவன் ரொட்டி. லிஃப்ட் பழுது பார்ப்பவர் லிஃப்ட். நீச்சல் சொல்லித்தரும் பெண் டீச்சர். இவள் பல்செட்.

“இன்னைக்கு முடிஞ்சே ஆகணும்,” என்றான் ரொட்டி. “கடையில லீவு கேட்டதுக்கு முதலாளி அடுப்பில என்னையே போட்டுடுவேன்னுட்டார். இன்னொரு சனிக்கிழமை தரவே மாட்டார்.”

“பாஸ் ஆனாத்தான் எனக்கு மேல் பயிற்சி,” என்றாள் டீச்சர். லிஃப்ட் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே.

நால்வரும் குனிந்து கைப்பிடியைப் பிடித்தார்கள். டீச்சர் குரல் கொடுத்ததும் எழுந்தார்கள். ஸ்ட்ரெச்சர் துளியும் சாயவில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

முதல் மேடு ஏறும்போதே வலது குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தது.

நடைக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. காலில் முதல் சூடு தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டும். அணி நிற்கும், பூட்ஸைக் கழற்றி, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, மறுபடி கிளம்பலாம். கொஞ்ச நேரம்தான் ஆகும். கொப்புளம் வந்தபின் ஒட்டினால் ஒன்றுக்கும் உதவாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். ‘வெட்கப்படாதீங்க, நில்லுங்க’ என்று போன மாதம்தான் மேடையேறிப் பேசியிருந்தாள்.

பேசியவள் நின்றாளா? நிற்கவில்லை. நின்றால் நேரம் போகும், போன நேரத்தைப் பிடிக்க முடியாது என்று மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருடம் அவள் கற்ற வித்தை ஒன்றே ஒன்று: தாமதமானால் இன்னும் வேகமாக மிதி. இங்கேயும் அவள் அதைத்தான் செய்தாள். இறக்கத்தில் எட்டி நடந்தாள். சூடு நெருப்பானது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இடது காலும் தன் பங்குக்கு ஆரம்பித்தது.

“பல்செட், ஏன் தள்றே?” என்று முன்னாலிருந்து டீச்சர் கேட்டாள்.

“நேரம் ஆகுது.”

“நேரம் இருக்கு. ஒரே சீரா வா.”

குன்றின் பின்பக்கம் திரும்பியபோது நெருப்புப் போய் ஈரம் வந்தது. காலுறைக்குள் எதுவோ வழுக்கியது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும், தெரியாதது போல நடந்தாள். முகத்தில் வியர்வையோடு வேறு தண்ணீரும் வழிந்தது. நல்லவேளை, அவள் பின்னால் இருந்தாள், யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்த ரொட்டிதான் முதலில் கவனித்தான். ஸ்ட்ரெச்சரின் இடது பின் மூலை அடிக்கொரு தரம் தாழ்ந்தது.

“நிறுத்துங்க,” என்றான்.

“நிறுத்தாதே,” என்றாள் அவள். சொன்ன அதே மூச்சில் அவள் முழங்கால் மடங்கியது. மணல் மூட்டை ஒன்று உருண்டு பாதையில் விழுந்தது.

பின்னால் வந்த சார்ஜெண்ட் ஓடி வந்து மண்டியிட்டார். அவரே பூட்ஸைக் கழற்றினார். காலுறையின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. இரண்டு குதிகாலிலும் தோலே இல்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். சார்ஜெண்ட் பூட்ஸைக் கையில் எடுத்து, கடைக்காரர் பழக்கம் போகாமல், தடவிப் பார்த்தார். முன்பக்கம் துணி போல மடங்கியது. பின்பக்கத்தை அழுத்தினார். பலகை. அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல அசையாமல் நின்றது.

“இதைப் போட்டு எங்கம்மா நடந்தே?”

“நடக்கலை சார்.” அவளுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. “சைக்கிள்ல…”

சைக்கிள் மிதிப்பவர்களுக்கு முன்பாதம்தான் பெடலில் இருக்கும். குதிகால் பாட்டுக்கு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வரும். பூட்ஸின் பின்பக்கத்துக்கு இத்தனை நாளும் கால் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. முதலில் ரொட்டிதான் சிரித்தான். சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவளுக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

“ஒட்டிக் கட்டுங்க சார், நடந்துடறேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே?”

சார்ஜெண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், கடைசியில் அவள் கண்ணைப் பார்த்தார்.

“நீ நடந்தா சங்குக்கு முன்னாடி போக முடியாது. நாலு பேரும் ஃபெயில். இன்னொரு வழி இருக்கு. அணியில ஒருத்தர் விழுந்தா, மூட்டையை இறக்கிட்டு அவரைத் தூக்கிட்டு வரலாம்னு விதி. எடை எடைதானே. அப்படிப் போனா அவங்க மூணு பேரும் பாஸ்.”

“நான்?”

“நீ சுமை. சுமைக்கு மார்க் கிடையாது.”

ஸ்டோர் ரூம், போர்வை, நாற்காலி எல்லாம் அவள் கண்முன் வந்து வரிசையாக உட்கார்ந்தன. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எழுந்து நின்றும் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். இரண்டாம் அடிக்கு டீச்சரின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ரொட்டி பாதையைப் பார்த்தபடி நின்றான், லிஃப்ட் ஸ்ட்ரெச்சரின் வாரைச் சும்மாவே இறுக்கிக்கொண்டிருந்தார். ‘படு’ என்று ஒருவரும் சொல்லவில்லை. இரக்கப்பட்டு, ‘பரவாயில்லை, சேர்ந்தே ஃபெயில் ஆகலாம்’ என்றும் ஒருவரும் சொல்லவில்லை. முதல் சூட்டிலேயே கையைத் தூக்கியிருந்தால் நால்வரும் இந்நேரம் முகாமை நெருங்கியிருப்பார்கள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“மூட்டையை இறக்குங்க,” என்றாள். சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள்.

முன்னால் இரண்டு கைப்பிடிகளையும் ஆளுக்கொன்றாக டீச்சரும் லிஃப்டும் பிடித்தார்கள். பின்னால் நடுவில் நின்று இரண்டையும் ரொட்டியே பிடித்தான். தூக்கினார்கள். அவள் இதுவரை யாரையெல்லாமோ தூக்கியிருக்கிறாள். மேலே படுத்தால் வானம் இப்படி ஆடும் என்று தெரியாது. கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள், கட்டைவிரலைக் கடித்தாள்.

“ரொட்டி, இடது பக்கம் தாழுது. கொஞ்சம் உசத்து.”

“பேஷண்ட் பேசக் கூடாது.”

“லிஃப்ட், கல் இருக்கு, பார்த்து.”

“பேஷண்ட் எட்டிப் பார்க்கவும் கூடாது,” என்றார் லிஃப்ட். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். டீச்சருக்குச் சிரிப்பு வந்து மூச்சு வாங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை, அசையவும் இல்லை. அசைந்தால் ரொட்டியின் கைக்குத்தான் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இறக்கம் முழுக்க அவள் ஆடாமல் கிடந்ததுதான் அன்று அவள் செய்த ஒரே உருப்படியான வேலை.

முகாம் கதவைத் தாண்டி ஸ்ட்ரெச்சரை இறக்கிய பிறகு சங்கு ஊதியது. ரொட்டியின் உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன. அவன் அவற்றை அவளுக்குக் காட்டாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

சார்ஜெண்ட் சுற்றி வளைக்கவில்லை. “அடுத்த வாரத்துலேர்ந்து ஸ்டோர். அடுத்த வருஷம் வா, பார்ப்போம். அதுக்குள்ள அந்த பூட்ஸைப் போட்டு நட. நடன்னா நடக்கணும், புரியுதா?”

“புரியுது சார்.”

“வீட்டுக்கு எப்படிப் போவே? வண்டி சொல்லட்டுமா?”

அவள் குதிகாலில் கட்டு, காலில் முகாமின் ரப்பர் செருப்பு. வாசலுக்கு நொண்டிக்கொண்டு போகவே கால் மணி நேரம் ஆகும் போலிருந்தது. வாசலில் அவள் சைக்கிள் சாய்ந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். சார்ஜெண்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, “அடிப் பாவி,” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூவரும் அவளைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தார்கள். முன்பாதத்தைப் பெடலில் வைத்தாள். குதிகால் காற்றில் தொங்கியது. ஒரு மிதி மிதித்தாள். வலிக்கவில்லை. நான்கு அடி நடக்க முடியாத கால் சுகமாக மிதித்தது. ரொட்டி பின்னாலிருந்து தள்ளிவிட்டான்.

முதல் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. பழக்கத்தில் கால் அழுத்தப் போனது. பிறகு அவளே பிரேக்கைப் பிடித்தாள். குதிகாலை ஊன்ற முடியாததால் ஓரத்துக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பையில் போன் அடித்தது. கணவன்.

“என்னாச்சு? பாஸா?”

“மூணு பேர் பாஸ்.”

அவன் ஏதோ ஒரு ஸ்டாப்பில் பேருந்தை நிறுத்திவிட்டுத்தான் பேசினான். எட்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“சரி. நாலாவது ஆள் எங்க இருக்கா?”

“முகாம் பக்கத்து சிக்னல்ல நிக்கிறேன்,” என்றாள். பச்சை விழுந்தது, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், அவள் கம்பத்தை விடாமல் அழுதுகொண்டே நின்றாள்.

“நில்லு,” என்றான் அவன். “அங்கேயே நில்லு. என் ரூட்டுதான். வந்துட்டே இருக்கேன்.”